ஈயம் சுட்ட அடுப்பில் வெந்த ரவை

ஈயமணிக்குப் பூச்சு எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்பதைச் சென்ற ரமலானுக்கு முந்தைய மழைக்காலத்தில் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அப்போது எனக்கிருந்த பெருமை அந்தச் சொல்லில் தெரிகிறது என்பதால் அப்படியே விடுகிறேன்.

வீச்சுவலையின் அடிவிளிம்பில் கோக்கிற மணிகளைச் சொல்கிறேன். ரங்கூனுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கிற டாலாவில் வலை கட்டுகிறவர்களுக்கு இரண்டு கையும் கயிற்றில் இருக்கும். அதனால் ஒரு பிடி ஈயமணியை வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி எடுத்துக் கோப்பார்கள். ஈயம் உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்று நான் நிறையப் படித்தவன். அதைப் பார்த்துவிட்டுப் படகில் திரும்பியபோது, வீட்டில் வார்க்கிற மணிகளுக்கு இனி பூச்சு போட்டுத்தான் கொடுப்பது என்று முடிவு செய்தேன். அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு என் வேலை. மணி வார்ப்பது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு.

இரும்புக் கதவுக்கும் சைக்கிளுக்கும் போடுகிற பவுடர் கோட்டிங்தான். தாமுவே பேட்டையில் ஒரு கதவுப் பட்டறையில் மிஞ்சிய நீலத்தூளை வாங்கி வந்தேன். மணிகளைத் தூளோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடிக் குலுக்கினால், உரசலில் மின்னேற்றம் உண்டாகித் தூள் தானே ஒட்டிக்கொள்ளும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, டப்பா விளிம்பில் ஒரு தட்டு தட்டி, கம்பியில் கோத்து, பெட்டி போல மூடுகிற மின்சார அடுப்பில் சுட வேண்டும். தூள் உருகி ஓடிக் கண்ணாடி போல இறுகும்.

கனத்தைக் கட்டுப்படுத்துவதுதான் கஷ்டம். மழைக்காலத்து ரங்கூன் காற்றில் எவ்வளவு குலுக்கினாலும் தூள் ஒட்டாது. சாம்பல் நிற ஈயம் பல்லிளிக்கும். மணியை முன்கூட்டியே சூடாக்கிப் போட்டால் அளவுக்கு மேல் ஒட்டி, சுடும்போது வழிந்து துளையை அடைத்துவிடும். மழை நின்று காற்று உலர்ந்ததும் எல்லாம் தலைகீழ்: சும்மா குலுக்கினாலே அப்பிக்கொள்ளும். அப்போது குலுக்கலைக் குறைத்து, விளிம்பில் தட்டுவதைக் கூட்ட வேண்டும். பூசுவதற்கு முன்னும் பின்னும் மைக்ரோமீட்டரால் அளந்து, வித்தியாசத்தில் பாதியைப் பூச்சின் கனமாக எடுத்துக்கொள்வேன். தலைமுடியின் கனத்துக்கு வந்தால் சரி. அதற்கு மெலிந்தால் கயிறு உரசி உரியும், தடித்தால் துளைக்குள் கயிறு போகாது. தடிப்பாக ஒரு தடவை பூசுவதைவிட மெல்லியதாக இரண்டு தடவை பூசிச் சுடுவது நல்லது என்றும் தெரிந்துகொண்டேன். சுட்ட மணியைச் சுத்தியலால் தட்டையாக அடித்துப் பார்ப்பேன். பூச்சு செதில் விடாமல் ஈயத்தோடு சேர்ந்து நசுங்கினால் அன்றைக்கெல்லாம் சந்தோஷம்.

இதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. இராணுவ ஆட்சி நடக்கிற இன்றைய நிலைமையில் ஒருவன் வீட்டில் ஈயம் உருக்குகிறான் என்றால், வலைக்கா என்று யாரும் முதலில் கேட்க மாட்டார்கள்; துப்பாக்கிக் குண்டுக்கா என்றுதான் கேட்பார்கள். என் மனைவிக்கு மட்டும் தெரியும். அடுப்பைப் பின்கட்டில் வைத்து, பூப்போட்ட துணியால் மூடியிருந்தேன். சாப்பாட்டுக்கு ஆகாது என்று எழுதி ஒட்டலாமே என்றாள் மனைவி. எழுதினால் ஏன் என்று கேட்பார்கள் என்றேன்.

எங்கள் உறவுக்குள் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. பேட்டைக்குப் பேட்டை மாறி மாறித்தான் மின்சாரம், எங்கள் பேச்சில் மீ. அதனால் ஒருவர் வீட்டுச் சாவி இன்னொருவரிடம் இருக்கும். யார் வீட்டில் மின்சாரம் இருக்கிறதோ அங்கே அரிசியோ மாவோ தூக்கிக்கொண்டு போய்ச் சமைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். கேட்டுக்கொண்டு போவதில்லை; கேட்டால்தான் வருத்தப்படுவார்கள். என் மனைவியின் அக்காவிடம் எங்கள் சாவி இருந்தது. நானும் அவரை லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். கணவரை இழந்தவர். வருஷா வருஷம் பதினாறாம் நோன்பன்று, அவர் கணவர் மவுத்தான நாளில், பள்ளிவாசலில் நோன்பு திறக்கிறவர்களுக்குக் கணவர் பேரில் செனுவின்மக்கின் செய்து கொடுப்பார். ரவையும் தேங்காய்ப்பாலும் கிண்டி, மேலே கசகசா தூவிச் சுடுகிற பர்மியப் பலகாரம். லாத்தா செய்தால் தனி ருசி என்று பள்ளியில் பேர்.

அந்தப் பதினாறாம் நோன்பன்று என் மனைவி தன்லியினில் மகள் வீட்டில் இருந்தாள். நான் அலுவலகம் முடிந்து கதவைத் திறந்தபோதே தேங்காயும் நெய்யும் கருகிய வாசம். பின்கட்டில் பூப்போட்ட துணி அழகாக மடித்து வைத்திருந்தது. அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடு இருந்தது. நான் ஈயம் துடைக்கிற கந்தல், துவைத்துக் கொடியில் காயப்போடப்பட்டிருந்தது. அதைக்கொண்டுதான் அடுப்பின் உள்ளே துடைத்திருக்கிறார் என்று புரிந்தது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. பள்ளிவாசலுக்கு ஓடினேன்.

கஞ்சிக் கொட்டகையில் லாத்தாவின் பலகாரத் தட்டுகள் மூன்று இருந்தன. கஞ்சி காய்ச்சுகிறவர் துண்டுபோடக் கத்தியை எடுத்துவிட்டார். என்னைச் சயா, வாத்தியார் என்று மரியாதையாக அழைப்பவர்.

"வாங்க சயா. லாத்தா வூட்டு செனுவின்மக்கின். வாசமே நோம்ப முறிச்சிரும் போல இருக்கு!"

பெண்கள் சிரித்தார்கள். லாத்தா என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, "மாப்ளே, இம்புட்டு நல்ல அடுப்ப யாராச்சும் போத்தி வப்பாங்களா? ஒங்க பேட்டையில மீ இருந்துச்சா, ஒரே மூச்சுல மூணு தட்டும் ஆயிருச்சு" என்றார்.

தட்டின் அடியில் சாம்பல் நிறத் தீற்றல் ஒன்று எனக்கு மட்டும் தெரிந்தது. அதைத் தின்றிருந்தால் அன்றைக்கே என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்றுமே ஆகாமலும் போயிருக்கலாம். ஆனால் தின்ன விடக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஈயம் என்ற சொல் தொண்டை வரை வந்தது. கொட்டகை ஓரம் முக்காலிகளில் எனக்குத் தெரியாத நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எதற்கு ஈயம் என்று அவர்களில் ஒருவர் கேட்பது எனக்கு அப்போதே காதில் விழுந்தது.

"குடுக்க வேணாம். கெட்டுப்போச்சு" என்றேன். "தேங்காப்பால் திரிஞ்சிருக்கு."

"நல்லாத்தானே மணக்குது?" என்றார் கஞ்சி காய்ச்சுகிறவர்.

ருசி பார்த்துச் சொல்ல அங்கே ஒருவராலும் முடியாது. எல்லோரும் நோன்பு. நோன்பு திறக்கிற மக்ரிபுக்கு இன்னும் நேரம் இருந்தது. என் பொய் நின்றது அதனால்தான்.

லாத்தா குனிந்து முகர்ந்தார். காலையில் அவரே துருவி, அவரே பிழிந்த பால். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்ன மாப்ளே சொல்றீங்க?"

"கெட்டுப்போச்சு லாத்தா."

முக்காட்டை இழுத்துச் சரிசெய்கிற நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "ஆமா. வெயிலு. நாந்தான் கவனிக்கல."

"அந்த மனுசன் பேருக்குக் குடுக்கறது. பாத்துச் செய்யக் கூடாதா லாத்தா?" என்று கஞ்சி காய்ச்சுகிறவர் கத்தியைத் துடைத்து வைத்தார். "வயசாகுதுல்ல" என்றாள் ஒரு பெண், இரக்கமாகத்தான்.

தட்டுகளை நான் தூக்கிக்கொண்டேன். தெருமுனையில் லாத்தா நின்றார். "நாய்க்காச்சும் போடுவோம்."

"வேணாம் லாத்தா. நாயும் திங்கக் கூடாது."

"அப்ப சொல்லுங்க."

சொன்னேன். மணி, தூள், அடுப்பு, கந்தல் எல்லாவற்றையும். அவர் முழுவதும் கேட்டார்.

"ஈயம்னு ஒத்த வார்த்த சொல்லியிருந்தா நானே தூக்கிக் கொட்டியிருப்பனே."

"எதுக்குன்னு கேப்பாங்கன்னு பயம்."

"எம்பாலு கெட்டதுன்னு சொல்ல மட்டும் பயமில்ல."

தட்டுகளைக் கை மாற்றிப் பிடித்தேன். பிறகு கேட்டேன்: "நீங்க ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"நீங்க பொய் சொல்ற ஆளில்ல. என்னமோ பெருசா இருக்கும்னு நெனச்சேன்."

தட்டுகளைப் பையில் கவிழ்த்து இறுக முடிந்து குப்பையில் போட்டோம். அவர் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். ஈயத்தைப் பற்றித் தெரிந்தவனின் அக்கறை, சொல்லும்போதே கூசியது.

அடுத்த வெள்ளிக்கிழமை லாத்தா மறுபடியும் செய்தார். இந்த முறை தன் வீட்டில், கரியடுப்பில், மூடிமேல் தணல் வைத்து. ஒரே தட்டு. கொண்டுவந்து வைத்ததும் கஞ்சி காய்ச்சுகிறவர், "லாத்தா, இன்னிக்குப் பாலு எப்படி?" என்றார். கேலிதான், கெட்ட மனசில்லை. எல்லோரும் சிரித்தார்கள். லாத்தாவும் சிரித்தார்.

பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம் சுற்றி வந்தது, கஞ்சி வந்தது, பிறகு துண்டு போட்ட தட்டு வந்தது. வரிசையில் ஒவ்வொரு கையும் அதை அடுத்தவரிடம் தள்ளிவிட்டது. யாரும் முகம் சுளிக்கவில்லை. வயிறு நிறைந்துவிட்டது என்பது போலத் தள்ளினார்கள். பெண்கள் பக்கத்து வாசலில் லாத்தா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குப் பால் கெடல" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "என் அடுப்புல நான் ஈயமணி சுடுவேன். வலைக்கு. லாத்தாவுக்கு அது தெரியாது. நான் சொல்லல. அதுலதான் செஞ்சாங்க. அதனாலதான் திங்க விடல."

முகம் தெரியாத ஒருவர் என்னையே பார்த்தார்.

"அப்ப அன்னைக்கே சொல்றதுக்கென்ன சயா?" என்றார் கஞ்சி காய்ச்சுகிறவர்.

"பயம்."

"பயத்துக்கு லாத்தாதான் கெடச்சாங்களா?" அவர் தட்டை இழுத்து, ஒரு துண்டை முழுதாக வாயில் போட்டுக்கொண்டார். "எடுங்கப்பா. நல்லாருக்கு."

சிலர் எடுத்தார்கள். சிலர் எடுக்கவில்லை. என் முறை வந்தபோது நானும் எடுத்தேன். லாத்தா மிச்சத்தோடு தட்டை வாங்கிக்கொண்டு போனார்.

பயந்தபடி யாரும் வீட்டுக்கு வரவில்லை. அடுப்பின் மேல், சாப்பாட்டுக்கு ஆகாது என்று தமிழிலும் பர்மிய மொழியிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். லாத்தா சாவியைத் திருப்பித் தரவில்லை, ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சமைக்க வந்ததுமில்லை. பள்ளியில் அவர் எது கொண்டுவந்தாலும் யாராவது ஒருவர் பாலைப் பற்றி இன்னும் கேட்கிறார். என் ஈயத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.