தாய்மாமன் கொண்டுவந்த அரிசி

சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்த காலத்தில், மலாயாவில் தம்பினுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். யார் போக வேண்டும் என்று பேர் எழுதும் பாவத்தையும் ஜப்பான்காரன் என் தலையில்தான் கட்டியிருந்தான். பாதிப்பேர் என்னைக் கும்பிட்டார்கள். மீதிப்பேர் நான் கடந்துபோனதும் காறித் துப்பினார்கள்.

அப்போது ரப்பர் மரத்தில் பால் வெட்டப் புதிதாக ஒருவன் வந்தான். கெமாஸிலிருந்து வருவதாகச் சொன்னான். பேச்சுவாக்கில், இந்தியாவில் என் மனைவியின் ஊருக்கு அடுத்த ஊர்க்காரன் என்று தெரிந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் அங்கே. கப்பல் நின்றுவிட்டது, கடிதமும் வருவதில்லை. மடியில் உட்கார வைக்கத் தாய்மாமன் இல்லாததால்தான் எங்கள் மகளுக்கு இன்னும் காது குத்தாமல் இருந்தோம்.

"மாமன் நான் இருக்கேன்லா தங்கச்சி. நீ நாளைப் பாரு" என்றான் அவன்.

சொன்ன நாளில் வெற்றிலை பாக்கு, சீட்டிப் பாவாடை, அரை மூட்டை அரிசியோடு வந்து நின்றான். தோட்டமே மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு வீங்கிக் கிடந்த நேரம் அது. மாமன் சீரை எங்கே வாங்கினாய் என்று எந்த வீட்டில் கேட்பார்கள்? பத்தர் ஊசியை எடுத்ததும் மகள் கத்திய கத்தலில் அவனுக்கும் கண் கலங்கியது. நடிப்புக்கு அவ்வளவு தேவையே இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சாப்பிடும்போது, "மாப்பிள்ளை, சயாமுக்குப் பேர் எழுதுறப்ப என் பேரு வராம கொஞ்சம் மனசுல வெச்சுக்குங்க" என்றான்.

"அதுக்கென்ன மச்சான், பாத்துக்கலாம்" என்றேன். விசேஷ வீட்டில் வேறு எப்படிப் பேசுவது?

சில நாளில் போலீஸ் லாரி வந்தது. அதிலிருந்து அவனே காக்கிச் சட்டையும் தொப்பியுமாக இறங்கினான். என்னை லஞ்சத்தில் பிடிக்க வேஷம் போட்டு அனுப்பப்பட்ட போலீஸ்காரன் அவன். அந்த அரிசியும் போலீஸ் கொடுத்ததுதான். அவன் சாட்சியை வைத்தே தம்பினில் எனக்குத் தண்டனை விழுந்தது. தண்டனை பெற்றவர்களைத்தான் முதலில் சயாமுக்கு ஏற்றினார்கள். போனவன் யாரும் அதுவரை திரும்பி வந்ததில்லை.

சிரம்பானில் அப்பீல் போட்டோம். யாழ்ப்பாணத்து வக்கீல் ஒருவர் காசு வாங்காமல் வந்தார். விசாரணைக்கு முன்னால் என் மனைவியிடம் நிதானமாகச் சொன்னார்: "பிள்ளை, அவரைத் தமையன் எண்டு ஏற்றுக்கொண்டனான் எண்டு சொன்னால் காணும். பிறகு அது லஞ்சம் இல்லை, சீர். உன்ர மனுசன் வீட்டை வந்திடுவார்." அவள் தலையை ஆட்டினாள்.

நீதிபதி கேட்டார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "இந்த ஆளை உன் அண்ணனாக ஏற்றுக்கொண்டாயா?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"இல்லங்க. இவன் எனக்கு யாருமே இல்ல."

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். அப்பீல் தள்ளுபடியானது. அவன் செய்த துரோகம்கூட அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை. கட்டியவளே கழுத்தை அறுத்துவிட்டாளே என்று உடம்பெல்லாம் எரிந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் காவலரோடு வெளியே நடந்தேன்.

"அவன அண்ணன்னு சொல்ல வாய் வரலங்க. எவ்வளவு முக்கியும் வரல" என்று பின்னாலேயே அழுதுகொண்டு வந்தாள்.

வாசலில் அவன் நின்றிருந்தான். அவனைக் கண்டதும் என் மகள் தாயின் இடுப்பிலிருந்து துள்ளி, இரண்டு கைகளையும் நீட்டி, "மாமா!" என்று கூப்பிட்டாள். அவன் கைகளும் தன்னையறியாமல் நீண்டன. பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

நீதிபதி அதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டார்.