ஐஸ் பெட்டியில் வைத்த வெளிச்சம்

அண்ணனுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு நண்டு வலை. மற்றவற்றை இருட்டில் வந்த விசைப்படகு அறுத்துக்கொண்டு போய்விட்டது. இதுவும் போனால் அடுத்தவர் படகில் கூலிக்குப் போக வேண்டும். விசைப்படகுக்காரர் கண்ணில் படட்டும் என்று வலையின் மிதவைகளில் பேட்டரி விளக்கு கட்டிப் பார்த்தான். உப்புத் தண்ணீரில் எதுவும் நிலைக்கவில்லை.

நான் பெயின்ட் கம்பெனி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். விடுப்பில் எங்கள் ஊர் காரங்காட்டுக்கு வந்தபோது, இருட்டில் தானாக ஒளிரும் பெயின்ட் ஒரு டப்பா கொண்டுவந்து எல்லா மிதவைகளுக்கும் பூசினேன். பகல் முழுக்க மொட்டைமாடி வெயிலில் கிடந்தன. மத்தியானத்துக்கு மேல் அண்ணன் அவற்றைப் படகில் ஏற்றினான்.

புறப்படுமுன் படகை மூடியிருந்த தார்ப்பாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தவன் என்னைக் கூப்பிட்டான்.

"ஏ புள்ள, இங்கன வந்து பாரு. ஒன் வெளக்கு செத்துப்போச்சு."

நானும் உள்ளே நுழைந்தேன். பலகைக்கடியில் கிடந்த இரண்டு மிதவைகள் பச்சையாக ஒளிர்ந்தன. மற்றவை மங்கிக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் பெயின்ட் ஒன்று, வெயில் ஒன்று, பூசிய கையும் ஒன்று. மனதுக்குள் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். மிஞ்சியது இடம் மட்டும்தான். பெயின்ட் உரசிவிடும் என்று, அண்ணன் அவற்றை மீன் பெட்டியில் ஐஸ் மேல் அடுக்கியிருந்தான். இடம் பற்றாத இரண்டுதான் வெளியே கிடந்தன.

மங்கிய ஒன்றை எடுத்து அழுத்திப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தேன். என் ஐந்து விரல்களும் அதன் மேல் பச்சையாகத் தெரிந்தன.

"என்னத்தா இது, பேய் கை மாதிரி!"

வெயில் படும்போது பெயின்ட்டில் உள்ள எலக்ட்ரான்கள் எம்புகின்றன. சில, படிகத்தின் சின்னச் சின்னக் குழிகளில் விழுந்து மாட்டிக்கொள்கின்றன. சுற்றியுள்ள சூடுதான் அவற்றை மெல்ல மெல்ல வெளியே தள்ளுகிறது. பழைய இடத்துக்குத் திரும்பும்போது வெளிச்சம் வருகிறது. குளிரில் தள்ளுவதற்கு வலு போதாது. இதைப் படித்திருக்கிறேன். என் கை வடிவத்தில் பார்த்தது அன்றுதான்.

அண்ணனிடம் சொன்னேன்.

"அப்ப மீனு மாதிரி வெளிச்சமும் ஐஸ்ல கெடாம இருக்கும்கிற."

"ஆமாண்ணே. கடத்தண்ணி சூட்டுக்குத் தானா முழிச்சுக்கும்."

"முழிக்கலைன்னா? ஒனக்கு பெயின்ட்டு போச்சு. எனக்கு வலை போச்சு."

அவன் கேட்டது நியாயம்தான். தண்ணீரில் நான் சோதித்திருக்கவில்லை. ஒரு வாளி கடல்நீரை உள்ளே இழுத்து, பெட்டியிலிருந்து இன்னொரு மிதவையை எடுத்து அமுக்கிப் பிடித்தோம்.

வெளியே மதினியின் குரல் கேட்டது. "அண்ணனும் தங்கச்சியும் தார்ப்பாய்க்குள்ள குஞ்சு பொரிக்கிறீகளா?"

வாளிக்குள் மெல்லப் பச்சை ஏறியது. கொஞ்ச நேரத்தில், வெளியே கிடந்த இரண்டையும்விட அதிகமாக ஒளிர்ந்தது. அவை தார்ப்பாய் இருட்டில் இவ்வளவு நேரமும் செலவழித்துக்கொண்டிருந்ததை, இது ஐஸில் சேர்த்து வைத்திருந்தது.

அண்ணன் என்னைக் கரையில் இறக்கிவிட்டான். பெட்டியை மூடி, மோட்டாரைக் கிளப்பினான்.

மறுநாள் காலையில் வலை முழுசாகக் கரைக்கு வந்தது. நண்டைக் கழற்றிக்கொண்டே மதினி என்னைப் பார்த்தாள்.

"ஏத்தா, மீனுக்கே ஐஸ் பத்தலைங்கிறேன். ஒங்கண்ணன் மெதவைக்குத் தனியா ஒரு பெட்டி கேக்குறாக."