நோன்பு பிடித்த கடுகு

கடுகுச் செடியின் இலையைத் தூரத்தில் நின்று பார்த்தே, அதற்கு யூரியா கூடியதா குறைந்ததா என்று சொல்லிவிடுவேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று படித்த பிள்ளைகள் வாடிய செடியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. கூச்சமெல்லாம் வேறொரு கடுகைப் பற்றியது.

அப்போது மாம்புரியில் எங்களுக்குச் சொந்தக் காணி கிடையாது. மாமா, அதாவது உம்மாவுக்கு மூத்தவரான நானா, தன் மணல் காணியில் ஒரு துண்டைப் பயிர் செய்யத் தந்திருந்தார். யூரியா ஊருக்குப் புதிதாக வந்த காலம் அது. விவசாயப் போதனாசிரியர் சைக்கிளில் வந்து, அந்தக் காணியில் மூன்று பாத்தி பிரித்துக் கடுகு விதைக்கச் சொன்னார். ஒன்றுக்கு அளவான உரம், ஒன்றுக்கு இரட்டிப்பு, மூன்றாவதற்கு ஒன்றுமே இல்லை. உரம் என்ன செய்கிறது என்பதை ஊர் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். முதல் இரண்டும் மாமாவுக்கு. ஒன்றும் போடாத பாத்தி வாப்பாவுக்கு.

"மச்சான் போடமாட்டன் எண்டா போடமாட்டார், சேர்," என்று மாமாதான் சொன்னார். அது பொய்யில்லை. கரையில் மீன் நிறுக்கும்போது, வாங்குகிறவரும் விற்கிறவரும் தராசைப் பிடிக்க வாப்பாவைத்தான் கூப்பிடுவார்கள்.

மாமாவின் கடுகு இடுப்புக்கு வந்தது. இரட்டிப்பு உரம் போட்ட பாத்தி என்னையே மறைத்தது. எங்களுடையது அடியிலைகள் மஞ்சளித்து முழங்காலோடு நின்றது.

"என்ன மச்சான், உங்கட கடுகு நோம்பு பிடிச்சீக்கா?" என்று மாமா கேட்டார்.

"பிடிக்கட்டுமே. பசியில எப்படி ஈக்கும் எண்டு காட்டத்தானே போட்டது," என்றார் வாப்பா.

வாப்பாவுக்கு உறைக்கவில்லை, எனக்கு உறைத்தது. பள்ளிக்கூடத்தில் என் பெயரே மாறிவிட்டது. "டேய் நோம்புக் கடுகு, பெருநாள் எப்படா?" என்பார்கள். உம்மாவிடம் கிணற்றடிப் பெண்கள் என்ன கேட்டார்களோ, வீட்டுக்கு வந்து குடத்தை உடைகிற மாதிரி வைப்பார்.

ஆட்டுக் கொட்டிலைக் கழுவிய தண்ணீரை உம்மா எப்போதும் வேலிக்கு வெளியேதான் ஊற்றுவார். அந்த நாட்களில் அதைக் குடத்தில் எடுத்துக்கொண்டு பாத்திப் பக்கம் போனார். நான் பின்னால் போனால், "நீ போய் ஓது" என்று விரட்டினார். எனக்கு அது நாற்றத் தண்ணீர், அவ்வளவுதான். உரம் என்றால் மாமா வீட்டுச் சாக்கில் உப்புப்போல வெள்ளையாக இருப்பது.

பூக்கும் நேரத்தில் போதனாசிரியர் ஊராட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பாத்தியின் கிணற்றுப் பக்கத்தில், இலைகள் அரைவட்டம் அரைவட்டமாகக் கரும்பச்சையில் விரிந்து கிடந்தன. ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தார்.

"இது பசியில கிடந்த இலை இல்ல. ஆர் உரம் போட்டது?"

"நான் ஒண்டும்..." என்று தொடங்கிய வாப்பா நிறுத்தினார். குனிந்து மண்ணைத் தொட்டு, விரலை மூக்கருகே கொண்டுபோனார். வேலிக்கு அந்தப் பக்கம் பெண்களோடு உம்மா முந்தானையால் வாயைப் பொத்தியபடி நின்றிருந்தார். வாப்பா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

"நான்தான் சேர் போட்டது," என்றார்.

"நோம்பக் களவா முறிச்சிட்டீங்களே மச்சான்! என்ட சாக்குலயா கைய வெச்சீங்க?" என்றார் மாமா. ஊரே சிரித்தது. போதனாசிரியர் மட்டும் சிரிக்காமல், எங்கள் பாத்தியின் அடையாளக் கம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போனார்.

பிறகு வீசிய காற்றில் மாமாவின் இரட்டிப்புக் கடுகு படுத்துவிட்டது. இலைதான் மிச்சம், காயில் மணியில்லை. அளவாகப் போட்ட பாத்திதான் நன்றாக விளைந்தது. அந்தத் தோல்வியை ஊர் இரண்டொரு நாளில் மறந்தது. வாப்பாவுடையதை மறக்கவில்லை. தராசு வேறு கைக்குப் போனது. வாப்பா கரையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துவிட்டு வருவார். உம்மா தலை நிமிராமல் சோறு போடுவார். கள்ளனுக்குச் சோறு போட உம்மாவுக்கும் வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாட்டில் யுத்தம் முடிந்த பிறகு எலுவன்குளத்தில் காணி எடுத்துக் கடுகு போட்டேன். மேட்டில் ஆட்டுக் கொட்டில். ஒரு மழைக்குப் பிறகு என் வேலையாள் கூப்பிட்டுக் காட்டினான்.

"முதலாளி, இந்த இடத்துக்கு மட்டும் யூரியா போட்டீங்களா?"

கொட்டில் தண்ணீர் வடிந்த வழியெல்லாம் அதே கரும்பச்சை. தூரத்தில் நின்றே சொல்லிவிடுகிற நான், குனிந்து மண்ணைத் தொட்டு விரலை மூக்கருகே கொண்டுபோனேன். பிறகு அவனுக்கு முகத்தைக் காட்ட முடியவில்லை. வாப்பாவும் உம்மாவும் மவுத்தாகி மண்ணுக்குப் போய் வெகு காலமாகியிருந்தது.

மாம்புரியில் தராசு கைமாறிய அந்த வருடம் முழுவதும் ஜும்ஆவுக்குப் போகும்போது, வாப்பாவின் மகன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று நான் முன்னால் ஓடுவேன். எனக்குத் தொழுகைக்கு அவசரம் என்று வாப்பா நினைத்தார்.

"மெல்லப் போ மகன், நெருஞ்சி ஈக்கும்," என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வருவார்.