எந்த மொழிக்கு விலக்கு

தென்காசியில் என் மகள் பத்தாம் வகுப்புப் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியை அறையில், சிறப்பாசிரியை என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பொதுத்தேர்வுல ஒரு மொழிப் பாடத்துக்கு விலக்கு வாங்கலாம் சார். தமிழா, இங்கிலீஷா?"

"இங்கிலீஷ்" என்றேன். யோசிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவளுக்கு வாசிப்பதில் குறைபாடு. பேச்சில் என்னை விழுங்கி ஏப்பம் விடுவாள். அச்சடித்த நாலு வரியைக் கொடுத்தால் இரண்டாவது வரியில் வண்டி நின்றுவிடும். நான் படித்த காலத்தில் இதற்கு மக்கு என்று பெயர், மருந்து பிரம்பு. இப்போது சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. மருத்துவர்கள் பார்த்துச் சான்று தந்தார்கள், அடையாள அட்டை வந்தது. பண்பொழியிலிருந்து ஸ்கூட்டரில் வரும் இந்தச் சிறப்பாசிரியை பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார். தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு. சொல்லச் சொல்ல எழுத ஆள் உண்டு. ஆள் வேண்டாம் என்று மகளே சொல்லிவிட்டாள். "நானே எழுதுதேன் மிஸ். நேரம் மட்டும் குடுத்தாப் போதும்."

மிச்சமிருந்தது மொழி விலக்கு. அதற்குத்தான் நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன்.

எனக்கு வேலை இன்சூரன்ஸ் அலுவலகத்தில். மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். வெளியூர்ப் பேச்சாளர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டால், உள்ளூர் விழாக்களுக்கு நான்தான் பேச்சாளர். இதே பள்ளியின் இலக்கிய மன்றத்தைப் போன வருடம் தொடங்கிவைத்து, பிள்ளைகளைத் தமிழிலிருந்து தப்பவைக்கும் பெற்றோரைக் கிண்டலடித்து நல்ல கைதட்டல் வாங்கியிருந்தேன். அந்தக் கைதட்டல் தலைமையாசிரியைக்கு நினைவிருக்குமே என்பதுதான் அந்த நேரத்தில் என் கவலை.

சிறப்பாசிரியை தயங்கினார். "பாப்பாகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கிடலாமா சார்?"

"அவளும் அதத்தான் சொல்லுவா."

"சரி. விண்ணப்பத்தத் திங்கக்கிழமதான் அனுப்புதோம். எதுக்கும் வீட்ல பேசிக்கிடுங்க."

வீட்டுக்குப் போகும் வழியில், ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து மகளே பேச்சைத் தொடங்கினாள்.

"ஏம்ப்பா, இப்ப வச்ச பரிச்சைல நான் இங்கிலீஷ்ல பாஸு. தமிழ்ல பெயிலு. எத விடணும்?"

"தமிழ் நம்ம மொழில்லா. வீட்ல பேசுததுதான. தானா வந்துரும்."

"பேசுததுக்கா பரிச்ச வைக்காங்க?"

ஹாரன் அடித்தேன். முன்னால் யாரும் இல்லை.

"இங்கிலீஷ்ல எழுத்தெல்லாம் ஒழுங்கா வரிசைல நிக்குதுப்பா. தமிழ்ல கொம்பு, காலு, சுழின்னு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது. சீசன்ல ஐந்தருவிக் கூட்டம் மாதிரி. தமிழ்ல போச்சுன்னா பத்தாங்கிளாஸே போச்சு."

நல்ல உவமை. எந்தக் கட்டுரையில் இதைச் செருகலாம் என்றுதான் முதலில் யோசித்தேன். அவள் பத்தாம் வகுப்பைப் பற்றி இரண்டாவதாகத்தான் யோசித்தேன். இந்த வரிசையை மாற்றிச் சொன்னால் நான் இன்னும் கொஞ்சம் நல்ல தகப்பனாகத் தெரிவேன். ஆனால் அது நடக்கவில்லை.

சனிக்கிழமை அவளைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனேன். தகப்பனாகத் தோற்கும்போதெல்லாம் நான் பஜ்ஜி வாங்கிக் கொடுப்பது வழக்கம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. குளித்து முடித்து, தலை ஈரம் காயாமல் கடை வாசலில் நின்று தின்றுகொண்டிருந்தோம். ஓய்வுபெற்ற போலீஸ்கார அண்ணாச்சி ஒருவர், உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க, அருவிக்குக் குளிக்கப் போனவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார். என் கட்டுரைகளைத் தேடிப் படிக்கும் சிலரில் அவரும் ஒருவர். அந்தச் சிலரை இழக்கும் நிலையில் நான் இல்லை.

"தம்பி, இந்த வாரம் எழுதுனத வாசிச்சுட்டு வீட்ல தனியாச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். கிறுக்குப் பிடிச்சிட்டோன்னு ஒங்க மயினி பயந்துட்டா. இது மகளா? தமிழ்ல எப்படி?"

"கிளாஸ்ல இவதான் மொதல்ல வருவா அண்ணாச்சி."

மகளின் கையில் பஜ்ஜி பாதியில் நின்றது.

"பெறகு? ரத்தத்துல ஊறுனதுல்லா. ஏட்டி, அப்பா எழுதுனதுல எது ஒனக்குப் பிடிக்கும்?"

என் கட்டுரை எதையும் அவள் முழுதாக வாசித்தது கிடையாது. நானும் வாசித்துக் காட்டியதில்லை. அவள் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"எல்லாமே பிடிக்கும் மாமா."

அண்ணாச்சி அவள் தலையில் எண்ணெய்க் கையை வைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார். அவள் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க ஒரு பொய் சொன்னீங்க. நான் ஒண்ணு சொல்லிட்டேன். அவரு பாவம், சந்தோசமாப் போறாரு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு வந்த அவமானத்தை அவள் தன் தலையில் வாங்கி, எண்ணெயோடு சேர்த்துத் துடைத்துவிட்டாள். கையிலிருந்த பஜ்ஜியை அவளிடம் நீட்டினேன். அதையும் அவளே தின்றாள்.

திங்கட்கிழமை காலை மறுபடியும் அதே அறைக்கு மகளோடு போனேன். "தமிழுக்கு விலக்கு போட்டுருங்க" என்றேன்.

"நீங்களா சார் சொல்லுதீங்க?" என்றார் தலைமையாசிரியை. அதில் கிண்டலே இல்லை. இருந்திருந்தால் நானும் ஒரு கிண்டலைப் போட்டுத் தப்பியிருப்பேன். வழியில் ஒரு விளக்கவுரை தயாரித்து வைத்திருந்தேன். நல்ல ஆரம்பம், நடுவில் ஒரு சிரிப்பு, உருக்கமான முடிவு. சொன்னது ஒரே வரிதான்.

"இவளுக்குத் தமிழ் வாசிக்க வராது மேடம்."

வீட்டுக்கு வெளியே முதன்முதலாக இதைச் சொன்னேன். பெரிய தைரியசாலி என்று என்னைப் பற்றி ஒரு நினைப்பும் கூடவே வந்தது.

"வரும்ப்பா" என்றாள் மகள். "நேரமாவும். அவ்வளவுதான்."

சிறப்பாசிரியை பேனாவை என்னைத் தாண்டி அவளிடம் நீட்டினார். அவள் விண்ணப்பத்தில் தமிழில் கையெழுத்துப் போடத் தொடங்கினாள். முதல் எழுத்து வந்தது. இரண்டாவதில் நின்றாள். கொம்பு எந்தப் பக்கம் என்று பார்ப்பவள்போலத் தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள். வெளியே மணி அடித்தது. அறையில் யாரும் அவசரப்படவில்லை. எட்டி எழுதிக்கொடுத்துவிட என் கை துடித்தது. அதைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.