ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்

மதுவிலக்கு இருந்த காலம் அது. ஊரில் சாராயக்கடை கிடையாது. ஆனால் குடிக்கிறவனுக்கு வழியா இல்லை? என் வீட்டுக்காரர் மருந்துக்கடையில் இஞ்சி டிஞ்சர் வாங்கிக் குடித்தார். வயிற்றுவலிக்கு என்று விற்கிற சின்ன சீசா, உள்ளே பெரும்பாலும் சாராயம்தான். தறிக்குக் கீழே உள்ள குழியில் கால் வைத்தால் காலி சீசாக்கள் உருளும்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. கரை வேறு நிறத்தில் வரும் பட்டுச்சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். அவர் நடுவில் நெய்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவேன். அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியபின், நடுவிலும் நான், பக்கத்திலும் நான். நெய்து முடித்து, சமைத்து, அவர் எடுத்த வாந்தியைக் கழுவிவிட்டுப் படுத்தால் தூக்கம் வராது. எந்தச் சந்தில் விழுந்து கிடக்கிறாரோ என்று காது வாசலிலேயே இருக்கும்.

ஒருநாள் ரத்தமாக வாந்தி எடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் பல நாள் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த கிறிஸ்தவ நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஊட்டுக்கு இட்டுக்கினு போனா மறுபடியும் குடிப்பாரும்மா. வாலாஜாபாத் பக்கம் ஒரு பாஸ்டர் இருக்காரு. அவரும் குடிச்சிக் கெட்டவர்தான். இந்த மாதிரி ஆளுங்கள வெச்சிப் பார்த்துக்கிறாரு."

"நாங்க கோயிலுக்குப் போறவங்கம்மா."

"போங்க. யாரு வேணான்னாங்க?"

அவரை அங்கே கொண்டுபோய் விட்டேன். பாலாற்றங்கரையில் ஓடு வேய்ந்த நீளமான வீடு. என் வீட்டுக்காரரைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள்; அதில் ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். விடிந்ததும் ஜெபம், பிறகு தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பது, சாயங்காலம் ஒவ்வொருவராக எழுந்து தன் குடியைப் பற்றிப் பேசுவது. வீட்டார் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரலாம்.

முதல் ஞாயிறு நான் போனதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை இட்டுக்கினு போயிடும்மா. சாமி சத்தியமா குடிக்க மாட்டேன்."

அந்தச் சத்தியத்தை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கையை உருவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன். பாஸ்டரின் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ தூங்கி எவ்ளோ நாளாச்சும்மா?" என்றார்.

அதுவரை என்னைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதில்லை. உள் அறையில் பாய் போட்டுக் கொடுத்தார். வெளியே பாட்டும் பிரசங்கமும் நடந்தன. நான் ஒன்றையும் கேட்கவில்லை, செத்ததுபோல் தூங்கினேன். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அப்படித்தான். அவரைப் பார்க்கப் போனேனா, தூங்கப் போனேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

சில மாதம் கழித்துத் திரும்பி வந்தார். கருட சேவைத் திருவிழாக் கூட்டத்தில் பழைய கூட்டாளிகள் பிடித்துக்கொண்டார்கள், மறுபடி குடித்தார். நான் திட்டவில்லை, அழவும் இல்லை. தறியில் உட்கார்ந்திருந்தேன். போதை தெளிந்ததும் அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார், பாஸ்டரிடம்.

இரண்டாம் முறை வந்தபோது கையில் பைபிள். என் மாமியார் ஒப்பாரி வைத்தார். "வேதத்துல சேர்ந்துட்டான், என் பிள்ளை போயிட்டான்!"

"குடிச்சப்பதான் உன் பிள்ளை போயிருந்தான்மா," என்றார் அவர். விடிகாலையில் சுவரைப் பார்த்து முட்டி போட்டு ஜெபம் செய்வார். நான் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. அவரும் கட்டாயப்படுத்தவில்லை.

அதன்பின் அவர் குடிக்கவில்லை. ஆனாலும் என் மூக்கு நம்பவில்லை. வெளியே போய் வந்தால் கிட்டே போய் மோந்து பார்ப்பேன். அது தெரிந்து, வாசலிலேயே நின்று, "ஊதட்டுமா?" என்பார். கோபமில்லாமல்தான் கேட்பார். நானும் வெட்கமில்லாமல், "ஊது" என்பேன். வருஷக்கணக்கில் இப்படி. ஒருநாள் அவர் ஊத வந்தபோது, "சோறு ஆறுது, வந்து உக்காரு" என்று சொல்லிவிட்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து சாப்பிட்டார்.