மூன்று வருடம் வேண்டாமென்ற சக்கரவர்த்தி

எழுபதுகளின் நடுவில் நான் ஒரு ஜப்பானியச் சக்கரவர்த்தியைப் பற்றிப் பதினெட்டுப் பக்கத்தில் கட்டுரை எழுதினேன். ஜப்பானை நான் கண்டதே இல்லை. ரொறன்ரோவில் பகலில் ஒரு பொறியியல் கந்தோரில் படவரைஞர் வேலை, பின்னேரங்களில் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு. கழிவுநீர்க் குழாயும் மதகும் வரைகிறவனும் ஒரு வரலாற்றுப் பாடம் எடுக்கத்தான் வேண்டும் என்றார்கள். பக்கத்து மேசையில் ஒரு ஜப்பானியர் இருக்கும்போது எனக்கென்ன கவலை என்று பழைய ஜப்பானை எடுத்தேன்.

ஜப்பானை அவரும் கண்டதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வன்கூவரில் பிறந்தவர். போர்க்காலத்தில் அவருடைய தகப்பனின் மீன்பிடி வள்ளத்தை அரசாங்கம் பறித்துக்கொண்டு, குடும்பம் முழுவதையும் மலைக்குள் ஒரு முகாமில் கொண்டுபோய் விட்டது. போர் முடிந்தும் கடற்கரைப் பக்கம் திரும்ப விடாமல் கிழக்கே அனுப்பியது. இதையெல்லாம் அவர் பஸ் பிந்தி வந்ததைச் சொல்வதுபோலச் சொல்வார். அறுபதை எட்டிக்கொண்டிருந்தார், கந்தோரில் தலைமைப் படவரைஞருக்கு அடுத்த மூத்தவர். நான் வரைவதெல்லாம் அவர் பார்த்த பிறகுதான் வெளியே போகும். பிழை கண்டால் சத்தம் போடமாட்டார். பென்சிலால் மெல்லிய வட்டம் ஒன்று போட்டுத் திருப்பித் தருவார். எங்கள் முறைப்படி அவர் எனக்கு அண்ணை. கந்தோர் முறைப்படி பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கூப்பிடும்போதெல்லாம் நாக்குக் கூசியது.

என்னுடைய சக்கரவர்த்தி வரிசையில் பதினாறாவது ஆள். எண்பத்தேழு வருடம் ஆண்டதாகப் பழைய ஏடுகள் சொல்கின்றன. ஆராய்ச்சிக்காரர்கள் அதை நம்புவதில்லை. அவரைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்தது புகைக் கதை. உயரத்தில் ஏறி நின்று ஊரைப் பார்த்தாராம், ஒரு கூரையிலும் புகையில்லை. அடுப்பில் பூனை தூங்குகிறது என்று நாங்கள் சொல்வோமே, அந்த நிலைமை. மூன்று வருடத்துக்கு வரியை நிறுத்திவிட்டார். அரண்மனைக் கூரை ஒழுகியது, அவர் வேயவில்லை. பிறகு ஆற்றுக்கு அணைக்கட்டுப் போட்டார், வெள்ளம் வடிய வாய்க்கால் வெட்டினார். வாய்க்கால் எங்கள் தொழில் என்றபடியால் அதற்கு நாலு பக்கம் ஒதுக்கி, கேட்காமலே ஒரு வரைபடமும் போட்டேன்.

புத்தகத்தில் நான் தாண்டிப்போன இடத்தை எடுத்துத் தந்தவர் பக்கத்து மேசைக்காரர்தான். சின்ன வயதில் அவருடைய தாய் சொன்ன கதையாம். சக்கரவர்த்தியின் தகப்பன் சாகும்போது பட்டத்தை இளைய மகனுக்கென்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் இருக்க நான் ஏறமாட்டேன் என்றான் இளையவன். அப்பா சொன்னதை மீறமாட்டேன் என்றான் மூத்தவன். இப்படியே மூன்று வருடம். அரசனுக்கென்று ஒரு மீனவன் நல்ல மீன் கொண்டுவந்தான். நான் அரசனல்ல, அண்ணனிடம் கொண்டுபோ என்றான் இளையவன். அண்ணன் தம்பியிடமே திருப்பி அனுப்பினான். அங்கும் இங்கும் நடந்து மீன் நாறிப்போயிற்று. மீனவன் அதைக் கொட்டிவிட்டு வேறு மீன் கொண்டுவந்தான், அதுவும் நாறியது. கடைசியில் இளையவன் உயிரை விட்ட பிறகுதான் மூத்தவன் பட்டத்துக்கு வந்தான்.

“நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் இளவரசர்களுக்காக அழுவோம். அப்பா மட்டும் மீன்காரனுக்காகக் கவலைப்படுவார்,” என்று சொல்லிச் சிரித்தார்.

மூத்த இளவரசனுக்குப் பதவியில் ஆசை இருக்கவில்லை என்று நான் எழுதினேன். இப்படிப்பட்ட மனம் இந்தக் காலத்தில் அரிது என்று பெரிய மனிதன்போல ஒரு முடிவுரையும் வைத்தேன். அவரிடம் வாசிக்கக் கொடுத்தபோது அந்த ஆசை வசனத்தைச் சுற்றி ஒரு மெல்லிய வட்டம் வந்தது.

“ஆசை இருந்தது,” என்றார். “ஆசை இல்லாதவன் வேண்டாம் என்றால் அதில் என்ன கதை இருக்கிறது? திரும்பக் கேட்பார்கள் என்ற நம்பிக்கையில்தானே முதல் தரம் வேண்டாம் என்கிறோம்?”

நான் வசனத்தைத் திருத்தினேன். நல்ல புள்ளி கிடைத்தது.

அடுத்த வருடம் தலைமைப் படவரைஞர் ஓய்வுபெற்றார். அந்த இடம் யாருக்கு என்பதில் எங்கள் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மனேஜர் வந்து எல்லார் முன்னிலையிலும் அவரிடம் கேட்டார். மனேஜர் நல்ல மனிதர், அவசரக்காரர்.

“ஐயோ, எனக்கு எதற்கு? இவர் பட்டம் முடிக்கப்போகிறார். இவருக்குக் கொடுங்கள்,” என்று அவர் என்னைக் காட்டினார். முகம் காதுவரை சிவந்துவிட்டது. குனிந்து வரைபலகையைப் பார்த்தார், ஆனால் பென்சிலைக் கையில் எடுக்கவில்லை. இன்னொரு தரம் கேட்பார்கள் என்று காத்துக்கொண்டு நின்றார். மனேஜர் சரியென்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

பத்து நிமிடத்தில் மனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். “உங்களுக்கு அவரை நன்றாகத் தெரியுமே. உண்மையாகத்தான் வேண்டாம் என்கிறாரா?”

அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவன் அந்தக் கட்டடத்திலேயே நான் ஒருவன்தான். அப்போது ரொறன்ரோவில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் ஐந்தோ ஆறோ. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவோம். சப்பாத்தைக் கழற்றும்போதே, “ஐயோ, இப்பதான் சாப்பிட்டிட்டு வாறம்” என்போம். வயிறு கபகபவென்று எரியும். இரண்டாம் தரமும் வேண்டாம் என்போம். மூன்றாம் தரம் கேட்கும்போது சாப்பாட்டுக் கோப்பை கைக்கு வந்துவிடும். ஒரு தரம் கேட்டுவிட்டு விடுகிற வீட்டை, திரும்பி வரும் வழியெல்லாம் கிழிகிழியென்று கிழிப்போம். அப்படிப்பட்ட நான் மனேஜரிடம் சொன்னேன்: “உண்மையாகத்தான். அவருக்குப் பதவியில் ஆசை இல்லை.” அவர் பென்சிலால் வட்டம் போட்ட அதே வசனம்.

அப்படியென்றால் இடம் உங்களுக்கு, திங்கட்கிழமை உங்கள் முடிவைச் சொல்லுங்கள் என்றார் மனேஜர்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

“அவரை விட்டிட்டு உங்களுக்கோ?”

“அவர் வேண்டாம் எண்டிட்டார்.”

“எத்தினை தரம் கேட்டவை?”

“ஒருக்கா.”

கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள். “ஒருக்கா வேண்டாம் எண்டால் அது வேண்டாமோ? பொம்பிளை பாக்க எங்கடை வீட்டை வந்த அண்டைக்கு, மூண்டு தரம் வேண்டாம் எண்டுபோட்டு ஏழு வடை திண்டனீங்கள். அம்மா இப்பவும் சொல்லிச் சிரிக்கிறவ.”

“இது கனடா. இஞ்சை சொன்னால் சொன்னதுதான்.”

“அந்த வெள்ளைக்காரனுக்கு விளங்காது, சரி. உங்களுக்குமோ விளங்கேல்லை? திங்கக்கிழமை மனேஜரிட்டைப் போய் அவரை இன்னொருக்கா கேக்கச் சொல்லுங்கோ. வாயைத் திறந்தால் முத்துக் கொட்டிப்போடுமோ?”

“நீர் சும்மா இரும்,” என்றேன்.

சனி, ஞாயிறு என்று இரண்டு நாள் இருந்தது. ஒரு தடவை தொலைபேசியை எடுத்து, அவருடைய இலக்கத்தைப் பாதிவரை சுழற்றிவிட்டு வைத்தேன். கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் வைத்தேன். பிள்ளை பிறக்க இருந்தது, வாடகை ஏறிவிட்டது என்றெல்லாம் பிற்காலத்தில் எனக்கு நானே காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை அவையொன்றும் நினைவுக்கு வரவில்லை. எனக்கு அந்த இடம் வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை அவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். வழமையில் கட்டாதவர். கடும் நீலம், முடிச்சுக் கொஞ்சம் கோணல். அவருடைய மனைவி கட்டிவிட்டதாக இருக்கலாம். மனேஜரின் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார். ஒன்பதரைக்கு நான் அந்தக் கதவுக்குள் போய், சரி, எடுக்கிறேன் என்றேன். வெளியே வந்ததும் முதலில் எழுந்து வந்து கைகொடுத்தவர் அவர்தான். மத்தியானம் பார்த்தேன், கழுத்துப்பட்டி இல்லை. நிலம் பிளந்து என்னை விழுங்கினாலும் பரவாயில்லை என்றிருந்தது. ஆனாலும் புது மேசைக்குப் போய் இருந்தேன்.

அதன் பிறகு படங்கள் அவர் மேசையிலிருந்து என் மேசைக்கு வந்தன. என் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் வெளியே போகாது. அவர் கொண்டுவந்து விரித்துவிட்டுப் பக்கத்தில் நிற்பார். நான் கதிரையைக் காட்டி, இருங்கள் என்பேன். வேண்டாம், பரவாயில்லை என்பார். இரண்டாம் தரம் சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னால், வேண்டாம் என்றவரைத் திரும்பக் கேட்கவேண்டும் என்பது இவனுக்கு முதலே தெரியும் என்று கண்டுகொள்வாரே என்ற பயம். அதை அவர் அந்தத் திங்கட்கிழமையே கண்டுகொண்டிருப்பார் என்று யோசிக்கக்கூட எனக்குத் துணிவில்லை. ஓய்வுபெறும்வரை, நாலு வருடம், அவர் நின்றபடியே என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார்.