ஜெபத்தின் மறுபாதி

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்று மூன்று அரிசி ஆலைக்கு முதலாளி. எந்தக் குறையையும் காசைக் கொண்டு தீர்த்தே பழகியவன். போன வருடம் ஒரு நேர்ச்சைக்காகப் பாளையங்கோட்டையிலிருந்து கடற்கரை மாதா கோயிலுக்குத் தனியாக நடந்தபோது, வழியில் ஓர் ஆற்றங்கரைக் கிராமத்தில் தங்கினேன். பாதி வீடுகளில் பூட்டு. மீதி வீடுகளில் பூட்டுவதற்குக் கதவே இல்லை.

அங்கே கோயிலைப் பார்த்துக்கொண்டவர் ஒடிசலான, கூன் விழுந்த மனிதர். சாயங்காலம் ஜெபமாலை தொடங்கினார். பீடத்தின் முன் முழங்காலிட்டு மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்வார். பிறகு எழுந்து, சனங்கள் உட்காரும் இடத்துக்கு வந்து, மறுபாதியைப் பதிலாகச் சொல்வார். மறுபடியும் முன்னால் போவார்.

நடுவில் அவர் மூச்சு வாங்க நின்றபோது, "பதில் சொல்ல வேற ஆளே கிடையாதா வே?" என்றேன்.

"கடைசியா சொன்னவ என் வீட்டுக்காரி. அவளையும் அடக்கம் பண்ணியாச்சு அண்ணாச்சி."

"கவலைய விடும். ஸ்பீக்கர் செட்டு ஒண்ணு வாங்கித் தாரேன். பதில அது சொல்லும்."

அவர் சிரித்தார். "எனக்கு மூச்சு வாங்குனா அது நிக்குமா? அவ நிப்பா."

நான் போய்ப் பின்னால் உட்கார்ந்து மறுபாதியைச் சொன்னேன். அதன்பிறகு அவர் ஒருதரம்கூட எழுந்திருக்கவில்லை. முடிந்ததும், "நாளைக்கும் இருப்பியளா?" என்றார்.

காலையில் நான் புறப்பட்டுவிட்டேன்.

ஊர் திரும்பியதும் ஆலை ஆள் ஒருவனை இரட்டைச் சம்பளம் பேசி அங்கே அனுப்பினேன். இரண்டே நாளில் வந்து நின்றான். "அங்கன மனுசன் இருப்பானா முதலாளி?"

சாயங்காலம் ஆலையில் மோட்டார் நிற்கிறது. இந்நேரம் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பின்னால் வந்துகொண்டிருப்பார்.